மாஸ்போலியைத் தேடி மாண்டிவீடியோவில் ஏழு நாள்

அக்டோபர் 9, 2024, புதன்

வேலை விஷயமாக பியூனஸ் அயர்ஸ் வந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு வாரம் லீவு கிடைத்ததும் ஆபீஸில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், பனிமலை பார், இகுவாசு அருவியைப் பார் என்று. நான் ஆற்றைத் தாண்டி உருகுவே போகிறேன், அவர்கள் ஜெயித்த 1950 கால்பந்து உலகக் கோப்பையில் ஆடிய ஒருவருடைய ஊரைப் பார்க்கணும் என்றேன். "கிஜியாவா?" என்றார் பக்கத்து சீட்காரர். கிஜியா ஜெயித்த கோலை அடித்தவர். நான் சொன்னது கோல் காத்து நின்றவரை. ரோக்கே மாஸ்போலி. பக்கத்து சீட்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

கல்லூரியில் நானும் கோல் கீப்பர்தான். திறமையால் இல்லை. ஓடவும் வராது, உதைக்கவும் வராது என்பவனைத்தான் எங்கள் ஊரில் போஸ்டில் நிறுத்துவார்கள். இரண்டு வருஷம் நின்றதில் ஒன்று மட்டும் புரிந்தது: பத்து பந்தைப் பிடித்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒன்றை விட்டால் மெஸ்ஸில் சாப்பிடும்போதுகூட அதையே பேசுவார்கள். அதனால் எந்த மேட்ச் பார்த்தாலும் என் கண் கீப்பர் மேலேயே போய் நிற்கும்.

லா பிளாட்டா ஆறு என்று பேர்தான், கரை தெரியாத கடல் மாதிரி இருக்கிறது. தண்ணீர் டீக்கடை டீ நிறம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் படகு குலுக்கிய குலுக்கலில் காலையில் தின்ற மெதியாலுனா (பிறை வடிவ பன்) மூன்றும் தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்தில் பியூனஸ் அயர்ஸ் கால்பந்து கிளப்பான ரிவர் பிளேட்டின் தொப்பி போட்ட ஒரு பெரியவர். எலுமிச்சை மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுத்து, வாயில் போட்டுக்கொண்டு தூரத்தையே பாருங்கள் என்றார். நல்ல மனிதர். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டவரிடம், நான் பாட்டுக்கு மாஸ்போலி, அவருடைய மாண்டிவீடியோ கிளப் பென்யரோல் என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் மாறியதைப் பார்க்கணுமே.

"1966" என்றார். அவ்வளவுதான். அப்புறம் பத்து நிமிஷம் பேசவே இல்லை.

விஷயம் இதுதான். தென் அமெரிக்க கிளப்புகளுக்கான கோப்பை கோபா லிபர்தடோரஸ். அதன் 1966 இறுதியில் பென்யரோலும் ரிவரும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்ததால், மூன்றாவது ஆட்டம் சிலியில், சான்டியாகோவில் நடந்தது. இடைவேளையில் ரிவர் 2-0. அப்போது ரிவர் கீப்பர் அமதேயோ கரீசோ, தென் அமெரிக்காவே கொண்டாடிய ஆள், வந்த பந்தைக் கையால் பிடிக்காமல் நெஞ்சால் நிறுத்திக் காட்டினார். பென்யரோல்காரர்களுக்குச் சுருக்கென்றது. அப்புறம் கூடுதல் நேரம் முடியும்போது கணக்கு பென்யரோலுக்கு 4-2. அதற்குப் பிறகு ஒரு லீக் ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் மைதானத்துக்குள் கோழியைத் தூக்கிப்போட, ரிவருக்கு 'கோழிகள்' என்ற பட்டப்பேர் இன்று வரை நிலைத்துவிட்டது. சான்டியாகோவில் அன்றைக்கு பென்யரோல் பெஞ்சில் கோச்சாக உட்கார்ந்திருந்தவர் மாஸ்போலி. ஒரு கீப்பர் காட்டிய பந்தாவை இன்னொரு கீப்பர் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதைத்தான் படகு முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது பெரியவரே என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "அங்கே சிவீட்டோ சாப்பிடு. நம்ம ஊரைவிட விலை ஜாஸ்தி, எல்லாமே விலை ஜாஸ்தி" என்றார். இரண்டாவது பாதி உண்மை என்று துறைமுகத்தில் காபி வாங்கியபோதே தெரிந்தது. 190 பெசோ, ஏறக்குறைய நாலரை டாலர்.

அக்டோபர் 10, வியாழன்

வசந்த காலம் என்றார்கள். ஆற்றிலிருந்து வரும் காற்றுக்கு அது தெரியவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் காது வலிக்கிறது. இந்த ஊர்க்காரர்களோ அக்குளில் வெந்நீர் பிளாஸ்கை இடுக்கிக்கொண்டு, கையில் மாத்தே என்ற இலைக் கஷாயக் குடுவையோடு பஸ் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், பாங்க்கில் வரிசையில் நிற்கிறார்கள், ஒரு சொட்டு சிந்துவதில்லை.

சென்டினாரியோ மைதானத்துக்கு நடந்தே போனேன். முதல் உலகக் கோப்பைக்காக 1930-இல் எட்டே மாதத்தில் எழுப்பியது. அப்படியும் போட்டி தொடங்கிய நாளுக்குத் தயாராகவில்லை, ஜூலை 18-ஆம் தேதி, நாட்டின் அரசியல் சட்டத்துக்கு நூறு வயசான அன்று திறந்தார்கள். ஸ்டாண்டுகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: கொலோம்பெஸ், ஆம்ஸ்டர்டாம், ஒலிம்பிகா, அமெரிக்கா. முதலாவதை நான் கடலோடி கொலம்பஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம், 1924 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பாரிஸ் மைதானம் இருந்த ஊர் கொலோம்ப். 1928-இல் வாங்கியது ஆம்ஸ்டர்டாமில். ஜெயித்த ஊர்களின் பேரைத் தங்கள் வீட்டுத் திண்ணைக்கு வைத்துக்கொண்ட மாதிரி.

ஸ்டாண்டுக்கு அடியில் மியூசியம். வாசலில் இருந்த அம்மா இந்தியாவா, கிரிக்கெட்தானே என்று சிரித்துவிட்டு உள்ளே விட்டார். பழுப்பேறிய போட்டோக்கள், தோல் பந்துகள், கொடிகள். 1950 பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். ரியோவின் மரக்கானா மைதானம், ஜூலை 16, கோப்பை யாருக்கு என்று முடிவாகும் பிரேசில்-உருகுவே ஆட்டம். கணக்கில் உள்ள கூட்டம் 1,73,850. பிரேசிலுக்கு டிரா போதும். 47-ஆம் நிமிஷம் ஃப்ரியாசா அடித்து 1-0. அதாவது மாஸ்போலிக்கும் கோல் விழுந்தது, அதுவும் இடைவேளை முடிந்து வந்த கையோடு. அப்புறம் உருகுவேக்கு ஸ்கியாஃபினோ, 79-இல் கிஜியா. 2-1.

கிஜியாவின் கோலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கீப்பராக இருந்தவன் கண்ணால் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். உருகுவேயின் முதல் கோலுக்கு கிஜியா வலது ஓரமாக வந்து நடுவில் பாஸ் கொடுத்தார். இரண்டாவது முறையும் அதே ஓரம், அதே ஓட்டம். பிரேசில் கீப்பர் பர்போசா மறுபடி பாஸ்தான் வரும் என்று ஓரடி முன்னால் வந்தார். யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள். பந்து போஸ்டுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய்விட்டது. அந்த ஓரடிக்காக 2000-இல் சாகும் வரை அவரை விடவில்லை. பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே முப்பது வருஷம்தான், நான் ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்று கடைசியில் சொல்லியிருக்கிறார்.

எதிர் போஸ்டில் நின்ற மாஸ்போலி மிச்சமிருந்த பதினோரு நிமிஷமும் பிரேசில் எறிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். போட்டோவில் கறுப்பு ஸ்வெட்டர், பெரிய உடம்பு, சாந்தமான முகம். வீட்டுக்கு வரும் எல்.ஐ.சி. ஏஜென்ட் சாயல். அந்தப் படத்தின் முன்னால் என்னைத் தவிர யாரும் நிற்கவில்லை. எல்லாரும் கேப்டன் வரேலாவிடமும் கிஜியாவிடமும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி சிவீட்டோ. அகராதியைப் பார்த்தேன், 'ஆட்டுக்குட்டி' என்று போட்டிருந்தது. ஆகா, மட்டன் என்று ஆர்டர் பண்ணினேன். ரொட்டி, கறி, பன்றிக்கறித் துண்டு, சீஸ், முட்டை, தக்காளி, மயோனைஸ், ஆலிவ் என்று ஒரு குட்டி மாடி வீடே வந்தது. முக்கால்வாசி தின்ற பிறகு ஆடு நல்ல பதம் என்று சர்வரிடம் பாராட்டினேன். "ஆடா? மாடு சார்" என்றார். எனக்கு மாட்டுக்கறி பழக்கமில்லை. எப்போதோ ஆட்டுக்கறி கேட்டு வந்த வாடிக்கையாளருக்கு, அது இல்லாததால் மாட்டை வைத்துக் கொடுத்ததில் இந்தப் பேர் வந்ததாகக் கதை சொன்னார். இருக்கட்டும், மிச்சமிருந்த கால்வாசியையும் தின்றுவிட்டேன். 620 பெசோ கொடுத்திருக்கிறேனே.

அக்டோபர் 11, வெள்ளி

காலையிலிருந்து தூறல். பென்யரோல் என்பது கிளப் ஆவதற்கு முன்னால் ஒரு பேட்டை, நகரத்தின் வடக்கே. அதைப் பார்க்கப் பஸ் ஏறினேன். டிரைவரிடம் ஊர்ப்பேரைச் சொன்னதும், மைதானமா பேட்டையா என்று கேட்டார். 2016-இல் திறந்த புது மைதானம் வேறு எங்கோ இருக்கிறது. பேட்டை என்றதும் அவருக்கு என்னவோ சந்தோஷம், இறங்க வேண்டிய இடம் வந்ததும் பஸ்ஸை நிறுத்தி, எழுந்தே வந்து கைகாட்டினார். பின்னால் இருந்த யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆங்கிலேய ரயில்வே கம்பெனி பட்டறை போட்ட இடம். தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள், செங்கல் சுவர், தண்டவாளம். அந்தப் பட்டறை ஆட்கள் 1891-இல் ஆரம்பித்ததுதான் கிளப். மஞ்சள், கறுப்பு இரண்டும் ரயில்வேயின் நிறம். எதிரிகள் வைத்த 'கரிக்காரர்கள்' என்ற பேரையே கொடியில் எழுதிக்கொண்டவர்கள். மாஸ்போலி 1940-இலிருந்து 1955 வரை இந்தக் கிளப்புக்கு கோல் காத்தார். 1949-இல் இவர்கள் அணிக்கு 'மெஷின்' என்றே பேர். அந்த வருஷம் பரம வைரி நாசியோனல், 2-0 பின்தங்கியிருந்தபோது இடைவேளைக்குப் போனவர்கள் திரும்ப மைதானத்துக்கே வரவில்லை. 'ஓட்டத்தின் ஆட்டம்' என்று இன்றைக்கும் பெயர் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு அம்மா பெரிய சட்டியில் எண்ணெய் காய வைத்து தோர்த்தா ஃப்ரித்தா போட்டுக்கொண்டிருந்தார். மழை பெய்தால் இதைத் தின்னணும் என்பது இந்த ஊர்ச் சட்டம். மைதா மாவு, கொழுப்பு, உப்பு, நடுவில் ஒரு ஓட்டை. பார்த்தால் பூரிக்கும் வடைக்கும் பிறந்த பிள்ளை. ஒன்று 50 பெசோ. மாவை உள்ளங்கையில் தட்டி, கட்டைவிரலால் ஓட்டை போட்டு, எண்ணெயில் விடும் முன் விரல் நுனியில் ஒரு சுழற்று சுழற்றுவார். மூன்று தின்றேன். மாஸ்போலி வீட்டாரைத் தெரியுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். "எனக்கு நாசியோனல்" என்றார், கரண்டியைத் திருப்பிக்கொண்டே. பென்யரோல் பேட்டையில் நின்றுகொண்டு!

ராத்திரி லிமாவில் பெருவோடு உருகுவேயின் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். தெருமுனை பாரில் உட்கார்ந்தேன். ஃபாய்னா என்று கடலைமாவில் செய்த அடை ஒன்று கிடைத்தது, பீட்சா மேல் கவிழ்த்துத் தின்கிறார்கள், நான் மிளகுத்தூள் தூவித் தனியாகவே தின்றேன், இந்த ஊரில் வயிறு குளிர்ந்த முதல் சாப்பாடு. டி.வி.யைவிட சண்டைதான் சத்தமாக இருந்தது. தேசிய அணியிலிருந்து போன மாதம் ஓய்வு பெற்ற சுவாரஸ், கோச் பியெல்சா அணியைப் பிரித்துவிட்டார் என்று போன வாரம் பேட்டி கொடுத்திருக்கிறார். பாரில் பாதிப் பேர் சுவாரஸ் கட்சி, பாதிப் பேர் பியெல்சா கட்சி. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பெரு கோல் போட்டது. 0-1. ஒருத்தரும் ஒன்றும் பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வெளியே வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

அக்டோபர் 12, சனி

இன்று மாஸ்போலியின் பிறந்தநாள். 1917-இல் இதே ஊரில் பிறந்தார். தேதி பார்த்து வந்தேன் என்று சொல்ல ஆசைதான், லீவு விழுந்தது அப்படி.

ராம்ப்லாவில் நடந்தேன். ஆற்றங்கரையோரமே இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும் நடைபாதை. காற்று என்னை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது. சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி, எழுபதைத் தாண்டியவர்கள், கேட்காமலே மாத்தே நீட்டினார்கள். ஒரே குழல், எல்லாரும் அதில்தான் உறிஞ்சணும். வாயில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான், ஒரு நொடி தயங்கினேன், குடித்தேன். கசப்பு. கஷாயம் தோற்றது. முடித்துவிட்டு 'நன்றி' என்றேன். குடுவையை வாங்கிய அம்மா அப்புறம் எனக்குத் தரவே இல்லை. நன்றி என்று சொன்னால் போதும் என்று அர்த்தமாம். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த ஐயா விளக்கினார், சிரித்துக்கொண்டே.

அவரிடம் பிறந்தநாளைச் சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தார். 1966, இதே அக்டோபர் 12, சென்டினாரியோவில் ரியல் மாட்ரிட்டை பென்யரோல் 2-0 அடித்தது, உலக கிளப் சாம்பியன் யார் என்பதற்கான ஆட்டம், இரண்டு கோலும் எக்வடாரில் பிறந்த ஸ்பென்சர். பையனாக அப்பாவோடு போயிருக்கிறார். "கோச்சுக்கு அன்றைக்குப் பிறந்தநாளா? யாரும் சொல்லவே இல்லையே" என்று மனைவியைப் பார்த்தார், என்னமோ அவர்தான் மறைத்த மாதிரி. இரண்டு வாரம் கழித்து மாட்ரிட்டுக்கே போய் அங்கேயும் 2-0. நாலு கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. கீப்பர் மசூர்கேவிச். கோச்சும் கீப்பர் ஆயிற்றே, அந்தப் பூஜ்யம்தான் அவருக்கு அதிகம் இனித்திருக்கும் என்று நான் சொன்னதை மனைவி மட்டும் தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை. கிளிக்கூண்டு, பழைய சாவி, பல்செட், தக்காளி, புத்தகம், ஒற்றைச் செருப்பு, எல்லாம் ஒரே தெருவில். ஒரு விரிப்பில் தகர ஆஷ்ட்ரே ஒன்று, நடுவில் 1980 என்றும் தங்கக் கோப்பை என்றும் தேய்ந்துபோன எழுத்து. 300 பெசோ என்றார். பேரம் பேசலாமா என்று தெரியாமல் 200 என்றேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். 300-ஐயே கொடுத்தேன்.

எனக்கு இது ஏன் வேண்டும் என்றால், மாஸ்போலியின் இரண்டாவது 2-1 இதில் இருக்கிறது. முதல் உலகக் கோப்பையின் ஐம்பதாம் ஆண்டுக்காக, கோப்பை ஜெயித்த நாடுகளைக் கூப்பிட்டு இங்கே ஒரு போட்டி நடத்தினார்கள். இங்கிலாந்து வரவில்லை, அதற்குப் பதில் நெதர்லாந்து. அப்போது ராணுவ ஆட்சி. போட்டிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், நவம்பர் 30 அன்று, தங்கள் அரசியல் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள் தளபதிகள். ஜனங்கள் 'இல்லை' என்று குத்திவிட்டார்கள். அந்தச் சூட்டோடு பந்தாட்டம். தேசிய அணியின் கோச் மாஸ்போலி. நெதர்லாந்து 2-0, இத்தாலி 2-0, 1981 ஜனவரி 10 இறுதியில் எதிரே யார் வரணுமோ அவர்களே வந்தார்கள், பிரேசில். 2-1. முப்பது வருஷம் முன்னால் கையுறைகூட இல்லாமல் போஸ்டில் நின்று பார்த்த ஸ்கோரை இந்த முறை கோட் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆஷ்ட்ரே விற்றவர் அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்தாராம். கோலுக்குக் கத்தினோம், நடுநடுவே சர்வாதிகாரம் முடியப்போகிறது என்றும் கத்தினோம், அத்தனை பேர் சேர்ந்து கத்தினால் யாரைப் பிடிப்பார்கள் என்றார். மாஸ்போலியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றதற்கு, "நல்ல மனுஷன். சத்தம் போட மாட்டார்" என்றதோடு சரி.

சாயங்காலம் பலெர்மோ பேட்டையில் கந்தோம்பே மேளம். தெருவோரத்தில் தீ மூட்டி மேளத்தோலைக் காய வைத்து சுருதி ஏற்றுகிறார்கள். பறைக்குச் செய்வதேதான்.

அக்டோபர் 14, திங்கள்

வயிறு சரியில்லை. தோர்த்தா ஃப்ரித்தாவா மாத்தேவா என்று விசாரணை நடக்கிறது. படுக்கையில் இருந்தபடி நாளைய எக்வடார் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். பாஸ்போர்ட் எண்ணில் எழுத்து இருக்கிறதாம், தளம் ஏற்க மாட்டேன் என்கிறது. ஏழு முறை. எட்டாவது முறை பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. தங்கியிருக்கும் வீட்டம்மாவிடம் காட்டினேன். தன் தம்பிக்குப் போன் போட்டார், அந்தத் தம்பி யாருக்கோ போட்டார், ராத்திரி பத்து மணிக்கு ஆம்ஸ்டர்டாம் ஸ்டாண்டில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. விலைக்கு மேல் ஒரு பெசோ வாங்கவில்லை. சாதமும் தயிரும் வைத்துக் கொடுத்தார், இனிப்புத் தயிர், ஸ்ட்ராபெரி போட்டது. கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஆம்ஸ்டர்டாம் ஸ்டாண்டில் யாரும் உட்காருவதில்லை. சிமெண்ட் படிக்கட்டு, அதில் ஏறி நிற்கணும். காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே வருகிறது. பக்கத்தில் ஒரு தாத்தா, காதில் சின்ன ரேடியோ, கண்ணால் பார்க்கும் அதே ஆட்டத்தைக் காதாலும் கேட்டுக்கொண்டு. சரியாக கோல் போஸ்டுக்குப் பின்னால் இடம் என்பதால் எனக்கு வசதி. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது கீப்பர் என்ன செய்கிறார் என்பது டி.வி.யில் தெரியவே தெரியாது. நடக்கிறார். போஸ்டைத் தட்டுகிறார். தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொள்கிறார். யாருமே இல்லாத இடத்தில் கைநீட்டி டிஃபெண்டரைத் திட்டுகிறார். இரண்டடி இடது, இரண்டடி வலது, திரும்பக் கோட்டுக்கு.

தாத்தாவிடம் மாஸ்போலி என்றதும் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தார். 1954-இல் சுவிட்சர்லாந்தில் ஹங்கேரியோடு கூடுதல் நேரம் வரை போய் 4-2 தோற்றது, உலகக் கோப்பையில் உருகுவேயின் முதல் தோல்வி, அதிலும் போஸ்டில் அவர்தான், 36 வயசு என்றார். எழுபதுகளில் இதோ எதிரே ஆடுகிறார்களே எக்வடார், அவர்களுக்கும் கோச்சாக இருந்தார் என்றார். 1997-இல் அணி தடுமாறி கோச் விலகியபோது மறுபடி அவரைக் கூப்பிட்டதும், 80 வயசில் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னார். "எண்பது வயசில் எங்கள் அப்பா எங்களையே அடையாளம் தெரியாமல் கிடந்தார்."

சுற்றிலும் பியெல்சாவைத் திட்டும் பாட்டு ஆரம்பித்தது, பாதிப் பேர் பாடினார்கள், பாதிப் பேர் பாடியவர்களைத் திட்டினார்கள். கோல் வரவில்லை. 0-0. விசில் ஊதியதும் எங்கும் சீழ்க்கை. நான் கை தட்டினேன். இரண்டு கீப்பரும் ஒன்றும் வாங்கவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கீப்பரா?"

"ஆமாம், முன்னால்."

"தெரிகிறது" என்று ரேடியோவை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பஸ் போய்விட்டது. ஆபெலிஸ்க் வரை நடந்து, அங்கிருந்து டாக்ஸி, 280 பெசோ. டிரைவர் ஸ்கோர் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரியும் என்றார். காலை ஏழரைக்குப் படகு. எலுமிச்சை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன்.